ஜிப், 7இசட், எக்ஸ்இசட், இசட்-ஸ்டாண்டர்டு: கோப்புச் சுருக்க வடிவங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோப்புச் சுருக்க வடிவங்களை ஒப்பிடும் அட்டவணைகளில் வேகம், அளவு, பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். இவற்றுள் முதல் இரண்டும் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியவை. கூடுதல் நேரம் செலவிட்டால் கோப்பு இன்னும் சிறிதாகும். நேரத்தைக் குறைத்தால் கோப்பு சற்றுப் பெரிதாகும். பாதுகாப்புக்கு இந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கே இல்லை. மெதுவாகச் சுருக்குவதால் ஒரு வடிவம் பத்திரமானதாகிவிடாது, வேகமாகச் சுருக்குவதால் பத்திரக்குறைவானதாகவும் ஆகிவிடாது. சுருக்குவது ஒரு வேலை, பூட்டுவது வேறொரு வேலை. ஆகவே வேகத்தையும் அளவையும் சேர்த்து அளந்துகொண்டு, பாதுகாப்பை அதற்குரிய கேள்விகளால் தனியாகச் சோதித்து, அதன் பிறகே வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் சரியான வரிசை என்பது என் கருத்து. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியும் செல்கிறது. ஒரு பைட் கூடக் குறையாமல் மூலக் கோப்பைத் திருப்பித் தரும் இழப்பற்ற சுருக்கத்தைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

சுருக்குவதற்கு உள்ளே ஏதேனும் இருக்கிறதா?

எந்த வடிவமானாலும், கோப்பில் திரும்பத் திரும்ப வருவதைத்தான் சுருக்குகிறது. ஆபிரகாம் லெம்பெல், யாக்கோவ் ஸிவ் ஆகிய இருவரும் 1977-இல் வெளியிட்ட முறையில், முன்பே வந்துவிட்ட ஒரு தொடர் மறுபடியும் வரும்போது அதை முழுவதும் எழுதாமல், இத்தனை பைட் பின்னால் சென்று இத்தனை பைட்டை எடுத்துக்கொள் என்ற குறிப்பு மட்டும் எழுதப்படும். இன்றைய ஜிப், ரார், 7இசட், எக்ஸ்இசட், இசட்-ஸ்டாண்டர்டு ஆகிய அனைத்துக்கும் அடிப்படை இதுவே. எவ்வளவு தூரம் திரும்பிப் பார்க்கிறது, பொருத்தங்களைத் தேட எவ்வளவு பாடுபடுகிறது, தேடிக் கண்டதை எத்தனை பிட்டில் எழுதுகிறது என்பவற்றில்தான் இவை வேறுபடுகின்றன.

ஜேபெக் படங்கள், எம்பி3 ஒலிக்கோப்புகள், எம்பி4 காணொளிகள் ஆகியவற்றில் அத்தகைய திரும்பல்கள் முன்பே பிழிந்தெடுக்கப்பட்டுவிட்டன. அலுவலகக் கோப்புகளிலும் இதே நிலைதான். வேர்டின் டாக்எக்ஸ், எக்செல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஆண்ட்ராய்டின் ஏபிகே, மின்னூல்களுக்கான இபப் எல்லாமே உள்ளுக்குள் ஜிப் கோப்புகள். ஐயமிருந்தால் ஒரு டாக்எக்ஸ் கோப்பை நகலெடுத்து, பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே கோப்புறைகள் தெரியும். திருமணப் படங்கள் நிறைந்த கோப்புறையை 7இசட்டின் உச்ச நிலையில், அதாவது நிரலை மிக அதிகமாகப் பாடுபடவைக்கும் அமைப்பில், சுருக்கக் காத்திருப்பது மின்சாரத்துக்கும் நேரத்துக்கும் கேடு. அதற்கு ஜிப்பில் சுருக்காமல் கட்டி மட்டும் வைக்கும் ஸ்டோர் நிலையே போதும். எனவே ஒப்பிடத் தொடங்கும் முன் உங்கள் கோப்புகளில் எத்தனை பங்கு இப்படி ஏற்கெனவே சுருங்கியவை என்று பாருங்கள். பெரும்பங்கு அவையே என்றால் எந்த வடிவமும் பெரிய வேறுபாட்டைத் தராது. ஒப்பிடும் வேலையையே விட்டுவிடலாம்.

தமிழ் உரைக்கோப்புகள் இதற்கு நேர் எதிர். யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கிறது. ‘கடல்’ என்னும் சொல்லில் க, ட, ல, புள்ளி என நான்கு குறியீடுகள், ஆகப் பன்னிரண்டு பைட். அவற்றை எண்களாக எழுதிப் பார்த்தால் 224 174 149, 224 174 159, 224 174 178, 224 175 141 என்று வரும். ஒவ்வொரு மூன்றிலும் முதல் எண் மாறுவதே இல்லை. இரண்டாவது எண் 174, 175 ஆகிய இரண்டில் ஒன்றாகவே இருக்கும். உண்மையான செய்தி பெரும்பாலும் மூன்றாவதில்தான். சுருக்கும் நிரலுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. ஆங்கில உரையைவிடத் தமிழ் உரை அதிக மடங்கு சுருங்குவதற்குக் காரணமும் இதுவே. அதனால்தான் ஆங்கிலக் கோப்புகளை வைத்து வெளியிடப்படும் ஒப்பீட்டு எண்களை நம் கோப்புகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

களத்தில் உள்ள வடிவங்கள்

பில் கட்ஸ் 1989-இல் கொண்டுவந்த ஜிப் இன்றும் எங்கும் திறக்கிறது. அதில் வழக்கமாகப் பயன்படும் டிஃப்ளேட் என்னும் முறை 32 கிலோபைட் தூரம் மட்டுமே திரும்பிப் பார்க்கும் என்பதால், பெரிய கோப்பின் தொடக்கத்தில் வந்தது இறுதியில் மீண்டும் வந்தாலும் அதற்குத் தெரியாது. ஆனால் ஜிப்பின் உண்மையான பலம் சுருக்குவதில் இல்லை, அடுக்கும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, எது எங்கே இருக்கிறது என்னும் பட்டியல் பொதியின் கடைசியில் வைக்கப்படுவதால், ஆயிரம் கோப்புகளில் ஒன்றை மட்டும் எடுக்க மற்றவற்றைப் பிரிக்க வேண்டியதில்லை. பழைய ஜிப்பில் 4 ஜிகாபைட், 65,535 கோப்புகள் என்ற எல்லைகள் இருந்தன. ஜிப்64 என்னும் விரிவாக்கம் அவற்றை நீக்கிவிட்டது. மிகப் பழைய நிரல்கள் மட்டும் அதைத் திறக்கத் திணறும்.

லினக்ஸ் உலகில் கட்டுவதும் சுருக்குவதும் இரண்டு வேலைகள். டார் என்னும் நிரல் கோப்புகளை ஒரே நீளமான கோப்பாகக் கட்டும். பிறகு ஜி-ஜிப், எக்ஸ்இசட் போன்ற ஒன்று அதைச் சுருக்கும். 1992-இல் வந்த ஜி-ஜிப்பும் டிஃப்ளேட்டையே பயன்படுத்துகிறது. அது செயலியின் ஒரே ஒரு கோரில்தான் ஓடும் என்றாலும், அதன் ஆசிரியர்களுள் ஒருவரான மார்க் அட்லர் எழுதிய பிக்ஸ் என்னும் நிரல் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தி அதே வடிவத்தைத் தரும். பி-ஜிப்2 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் நேரம் பிடிக்கும் அந்த வடிவத்தை இன்று புதிதாகத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் முழுத் தரவையும் பதிவிறக்குவோர் மட்டும் அதைச் சந்திப்பார்கள்.

இகோர் பாவ்லோவ் உருவாக்கிய எல்இசட்எம்ஏ முறை 7இசட்டிலும் எக்ஸ்இசட்டிலும் இயங்குகிறது. இது 32 கிலோபைட்டுக்குப் பதிலாகப் பல மெகாபைட் தூரம் திரும்பிப் பார்ப்பதால் அளவில் பெரும்பாலும் முன்னணியில் நிற்கும். அதற்கான விலையை நினைவகத்தில் கொடுக்க வேண்டும். எக்ஸ்இசட்டின் 9-ஆம் நிலையில் ஒரே கோரில் ஓடும்போது சுருக்க 674 மெபிபைட் நினைவகமும் விரிக்க 65 மெபிபைட்டும் தேவை. இயல்பான 6-ஆம் நிலையில் இவை முறையே 94, 9 மெபிபைட் மட்டுமே. மூலக் கோப்பு 8 மெபிபைட்டுக்குள் இருந்தால் 6-ஆம் நிலைக்கு மேல் போவதால் பயனில்லை, ஏனெனில் 6-ஆம் நிலையின் பார்வையே முழுக் கோப்பையும் தழுவிவிடுகிறது. 7இசட் பல கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே திண்மமாகச் சுருக்குவது அளவுக்கு நல்லது. நடுவிலுள்ள ஒரு கோப்பை மட்டும் எடுக்க வேண்டுமானால் அந்தத் திண்மத்தில் அதற்கு முன்னால் உள்ள அனைத்தையும் விரித்தாக வேண்டும்.

யான் கோலே பேஸ்புக்கில் பணியாற்றியபோது 2016-இல் முதற்பதிப்பாக வெளிவந்த இசட்-ஸ்டாண்டர்டு இந்தக் களத்தின் கணக்கையே மாற்றியது. 1 முதல் 19 வரை வழக்கமான நிலைகளும், சிறப்புத் தெரிவுடன் 22 வரையும் அதில் உண்டு. எந்த நிலையில் சுருக்கினாலும் விரிக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான் அதன் சிறப்பு. ஆர்ச் லினக்ஸ் என்னும் இயங்குதளம் தன் மென்பொருள் பொதிகளை எக்ஸ்இசட்டிலிருந்து இசட்-ஸ்டாண்டர்டுக்கு மாற்றியபோது அறிவித்த எண்கள் இதைக் காட்டுகின்றன. மொத்த அளவு சுமார் 0.8 விழுக்காடு கூடியது. விரிக்கும் வேகமோ சுமார் 1,300 விழுக்காடு உயர்ந்தது. ஒருமுறை சுருக்கி இலட்சக்கணக்கான கணினிகளில் விரிக்கப்படும் பொதிக்கு இது மறுக்க முடியாத பேரம்.

அதே யான் கோலே அதற்கு முன்பே எழுதிய எல்இசட்4 வேகத்தை மட்டுமே குறியாகக் கொண்டது. சிலீசியா எனப்படும் சுமார் 212 மெகாபைட் சோதனைத் தொகுப்பை வைத்து இசட்-ஸ்டாண்டர்டு திட்டத்தினர் வெளியிட்ட அளவீட்டைப் பாருங்கள். டிஃப்ளேட்டின் முதல் நிலை வினாடிக்குச் சுமார் 95 மெகாபைட் வேகத்தில் 2.74 மடங்கு சுருக்குகிறது. இசட்-ஸ்டாண்டர்டின் முதல் நிலை 500 மெகாபைட்டை ஒட்டிய வேகத்தில் சுமார் 2.9 மடங்கு சுருக்குகிறது. எல்இசட்4 சுமார் 700 மெகாபைட் வேகத்தில் ஓடினாலும் 2.1 மடங்கோடு நின்றுவிடுகிறது. ஆனால் விரிக்கும்போது எல்இசட்4 வினாடிக்கு 4,000 மெகாபைட்டை ஒட்டிச் செல்கிறது. இவை திட்டத்தின் உரிமையாளர்களே வெளியிட்ட எண்கள் என்பதை மறக்க வேண்டாம். இருந்தாலும் எவரும் தம் கணினியில் ஓட்டிச் சரிபார்க்கக்கூடியவை.

யூஜின் ரோஷல் உருவாக்கிய ராரைப் பல நிரல்களாலும் விரிக்கலாம், உருவாக்குவதற்கு மட்டும் வின்ரார் நிறுவனத்தின் நிரலே வேண்டும். மீட்புப் பதிவு என்னும் வசதி அதற்கு உண்டு. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது. கூகுளின் பிராட்லி இணையப் பக்கங்களை அனுப்புவதற்கானது, கோப்புகளைக் கட்டி வைக்க அதைத் தேட வேண்டாம்.

வேகத்தையும் அளவையும் அளத்தல்

உங்களிடம் உள்ள கோப்புகளிலிருந்தே மாதிரியை எடுங்கள். அரை ஜிகாபைட்டிலிருந்து ஒரு ஜிகாபைட் வரை இருந்தால் நல்லது; மிகச் சிறிய மாதிரியில் நிரல் தொடங்கும் நேரமே கணக்கைக் கெடுத்துவிடும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் முதலில் டார் கொண்டு ஒரே கோப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். இல்லையேல் நீங்கள் அளப்பது சுருக்கும் வேகத்தை அல்ல, வட்டில் கோப்புகளைத் தேடித் திறக்கும் வேகத்தை.

மடிக்கணினியை மின்இணைப்பில் வையுங்கள். பேட்டரியில் ஓடும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னணியில் ஓடும் உலாவி, வைரஸ் தடுப்பான், மேகக்கணி ஒத்திசைவு ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். முதல் ஓட்டத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டாம், ஏனெனில் அப்போது கோப்பு வட்டிலிருந்து படிக்கப்படுகிறது. அடுத்த ஓட்டங்களில் அது நினைவகத்திலேயே கிடைக்கும். அதன் பின் மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் டைம் என்னும் கட்டளையும், விண்டோஸின் பவர்ஷெல்லில் மெஷர்-கமாண்ட் என்பதும் நேரத்தைத் தரும். இசட்-ஸ்டாண்டர்டு நிரலுக்குள்ளேயே அளவீட்டு வசதி ஒன்று இருக்கிறது. அது வட்டைத் தொடாமல் நினைவகத்திலேயே பல நிலைகளையும் ஓட்டிக் காட்டும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை சுருங்கிய அளவு, சுருக்கும் நேரம், விரிக்கும் நேரம், உச்ச நினைவகம். விரிக்கும் நேரத்தைப் பலர் அளப்பதே இல்லை. ஆனால் பெறுநரின் கணினி உங்களுடையதைவிடப் பழையது என்றால் அதுதான் முதலில் பார்க்க வேண்டிய எண்.

ஒப்பீட்டைத் தவறாக்கும் பொறிகளுள் பெரியது, எல்லா நிரல்களையும் அவற்றின் இயல்புநிலையிலேயே ஓட்டிவிட்டு முடிவு சொல்வது. ஜி-ஜிப்பின் இயல்பு 6, எக்ஸ்இசட்டின் இயல்பும் 6, இசட்-ஸ்டாண்டர்டின் இயல்பு 3. இந்த எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்தவை அல்ல. எக்ஸ்இசட் அளவை நோக்கியும் இசட்-ஸ்டாண்டர்டு வேகத்தை நோக்கியும் இயல்பு வைத்திருப்பதால், அப்படி ஒப்பிட்டால் முதலாவது மெத்தனமானது, இரண்டாவது சரியாகச் சுருக்காதது என்ற இரண்டு அரைகுறை முடிவுகளே கிடைக்கும். ஒவ்வொரு நிரலையும் தாழ்ந்த நிலை, இயல்பு நிலை, உயர்ந்த நிலை என மூன்றிலாவது ஓட்டி, ஒரே அளவைத் தரும் நிலைகளின் நேரத்தையோ ஒரே நேரம் பிடிக்கும் நிலைகளின் அளவையோ ஒப்பிடுங்கள். இன்னொரு பொறி கோர்களின் எண்ணிக்கை. 7இசட் வடிவத்துக்கான 7-ஜிப் நிரல் எட்டுக் கோர்களையும் எடுத்துக்கொண்டு ஓடும்போது ஜி-ஜிப் ஒன்றில் ஓடினால், அது நிரல்களின் ஒப்பீடே தவிர வடிவங்களின் ஒப்பீடு அல்ல.

அளந்த எண்களை உங்கள் வேலையோடு பொருத்துவதற்கு ஓர் எளிய கணக்கு போதும். 1,000 மெகாபைட் கோப்புறை ஒன்றை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வடிவம் 10 வினாடியில் அதை 400 மெகாபைட்டாக்குகிறது. இரண்டாவது 120 வினாடி எடுத்துக்கொண்டு 330 மெகாபைட்டாக்குகிறது. பதிவேற்றும் வேகம் 10 மெகாபிட், அதாவது வினாடிக்கு 1.25 மெகாபைட் என்றால், முதலாவதற்கு ஆகும் மொத்த நேரம் 320-உம் 10-உம் சேர்ந்து 330 வினாடி. இரண்டாவதற்கு 264-உம் 120-உம் சேர்ந்து 384 வினாடி. பெரிய கோப்பே முந்திவிட்டது. இணைப்பு 2 மெகாபிட்டாகக் குறைந்தால் முதலாவதற்கு 1,610 வினாடியும் இரண்டாவதற்கு 1,440 வினாடியும் ஆகும். இப்போது சிறிய கோப்பு வெல்கிறது. அதே கோப்புறையும் அதே வடிவங்களும் இருந்தும் இணைப்பின் வேகம் மாறியதும் விடை மாறிவிட்டது. பெறுநரின் பதிவிறக்க நேரத்தையும் விரிக்கும் நேரத்தையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நூறு பேர் பெறுவார்கள் என்றால் அவற்றை நூறால் பெருக்க வேண்டும்.

பாதுகாப்பைத் தனியே சோதித்தல்

இங்கே முதலில் கேட்க வேண்டியது, வடிவத்துக்குள் மறையாக்கம், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி, இருக்கிறதா, இருந்தால் எந்த மறையாக்கம் என்பது. ஜி-ஜிப், எக்ஸ்இசட், இசட்-ஸ்டாண்டர்டு, எல்இசட்4 ஆகியவற்றில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. அது குறையல்ல, பூட்டும் வேலையைக் குனு பிரைவசி கார்டு போன்ற தனிக் கருவியிடம் விட்டுவிடுகின்றன. அப்படிச் செய்யும்போது முதலில் சுருக்கிப் பிறகு பூட்ட வேண்டும். பூட்டிய கோப்பு தற்செயல் எண்களைப் போலத் தோன்றுவதால் அதற்குப் பின் அதைச் சுருக்க முடியாது.

ஜிப்பில் இரண்டு விதமான பூட்டுகள் உள்ளன. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். ஜிப்கிரிப்டோ எனப்படும் பழைய பூட்டை எலி பிஹாம், பால் கோச்சர் ஆகிய இருவரும் 1994-இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். பொதிக்குள் இருக்கும் ஏதேனும் ஒரு கோப்பின் சிறு பகுதி தாக்குபவருக்குத் தெரிந்திருந்தால், கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை. பல கோப்பு வகைகளின் தொடக்க பைட்டுகள் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் அந்தச் சிறு பகுதியை ஊகிப்பதும் கடினமல்ல. வின்ஜிப் 2003-இல் கொண்டுவந்த ஏஇஎஸ் பூட்டு வலுவானது. சிக்கல் என்னவென்றால், பழைய பூட்டு எல்லா இடத்திலும் திறக்கும். ஏஇஎஸ் பூட்டைப் பல விண்டோஸ் கணினிகளின் உள்ளமைந்த வசதி திறக்காது. இதனால் பல நிரல்கள் இன்றும் பழையதையே இயல்பாக வைத்திருக்கின்றன. 7-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல் தரும்போது மறையாக்க முறை என்ற இடத்தில் ஏஇஎஸ்-256 இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கோப்புப் பெயர்கள். ஜிப்பில் எந்தப் பூட்டைப் போட்டாலும் உள்ளிருக்கும் கோப்புகளின் பெயர்களும் அளவுகளும் தேதிகளும் பூட்டப்படுவதில்லை. ‘புற்றுநோய்ப் பரிசோதனை முடிவு’ என்ற பெயருள்ள கோப்பைப் பூட்டி அனுப்பினால், பூட்டை உடைக்காமலேயே சொல்ல வேண்டியதெல்லாம் வெளியே தெரிந்துவிடும். 7இசட்டிலும் ராரிலும் பெயர்களையும் சேர்த்துப் பூட்டும் தெரிவு உண்டு. 7இசட்டில் அது தானாக இயங்காது, நீங்களே குறியிட வேண்டும்.

கடவுச்சொல்லிலிருந்து திறவுகோலை உருவாக்கும் முறையும் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. வின்ஜிப்பின் ஏஇஎஸ் முறை 1,000 சுற்றுகள் கணக்கிடுகிறது. 7இசட் 5,24,288 சுற்றுகள் கணக்கிடுகிறது. சுற்றுகள் கூடக்கூட ஒவ்வொரு ஊகத்துக்கும் தாக்குபவர் அதிக நேரம் செலவிட நேரும் என்பதால், இந்த வகையில் 7இசட் மேலானது. ஆயினும் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைப்பவருக்கு எந்த வடிவமும் உதவாது. நூறு ஆண்டுகளில் இருப்பவை 36,525 தேதிகளே. ஓர் ஊகத்துக்குக் கால் வினாடி ஆகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் இரண்டரை மணி நேரத்தில் எல்லாத் தேதிகளையும் முயன்று முடித்துவிடலாம்.

ரகசியம் காப்பது ஒன்று, சிதையாமல் காப்பது மற்றொன்று. ஜிப்பும் ஜி-ஜிப்பும் வைத்திருக்கும் சிஆர்சி-32 என்னும் சரிபார்ப்பு எண் தற்செயலான சேதத்தைக் கண்டுபிடிக்கும். யாரேனும் வேண்டுமென்றே மாற்றினால் எண்ணையும் சேர்த்தே மாற்றிவிடுவார்கள். அந்த ஐயம் இருந்தால் கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 கூட்டெண்ணைக் கணக்கிட்டு வேறு வழியில் அனுப்ப வேண்டும். சேதத்தைக் கண்டுபிடிப்பதைவிடச் சரிசெய்வது கடினம். ஜிப்பில் ஓரிடம் கெட்டால் பெரும்பாலும் அந்தக் கோப்போடு இழப்பு முடியும். திண்மமாகச் சுருக்கிய 7இசட்டிலும், டார் கட்டிச் சுருக்கிய எக்ஸ்இசட்டிலும் கெட்ட இடத்துக்குப் பின்னால் உள்ள பலவும் போகக்கூடும். ராரின் மீட்புப் பதிவு, கூடுதலாகச் சில விழுக்காடு இடம் எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட அளவு வரையிலான சேதத்தைத் திருத்திவிடும். மற்ற வடிவங்களுக்கு பார்2 என்னும் தனிக் கருவி அதே வேலையைச் செய்கிறது.

இதுவரை சொன்னவை அனுப்புபவரின் பாதுகாப்பு. பிறர் அனுப்பிய பொதியைத் திறப்பவருக்கு வேறு அபாயங்கள் உண்டு. டிஃப்ளேட் முறை அதிகபட்சம் 1,032 மடங்கு வரை சுருக்க வல்லது; அதைப் பயன்படுத்தி, சிறு பொதி ஒன்று வட்டையே நிரப்பிவிடும்படி செய்ய முடியும். டேவிட் ஃபைஃபீல்டு 2019-இல் காட்டிய ஜிப் வெடிகுண்டு, கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கி அந்த எல்லையையும் கடந்து, 10 மெகாபைட் பொதியிலிருந்து 281 டெராபைட் வெளிவரச் செய்தது. 2018-இல் பரவலாக வெளிச்சத்துக்கு வந்த ஜிப் ஸ்லிப் குறையில், கோப்பின் பெயருக்குள் மேல் கோப்புறைக்குச் செல்லும் புள்ளிகளை வைத்து, நீங்கள் சொன்ன இடத்துக்கு வெளியே கோப்பை எழுதவைக்க முடிந்தது. எனவே அறியாத பொதியை விரிக்கும் முன் உள்ளடக்கப் பட்டியலைப் பாருங்கள். விரிந்தால் எவ்வளவு ஆகும் என்பதும் ஐயத்துக்குரிய பெயர்களும் அங்கேயே தெரியும். பொதிகளைத் தானாக விரிக்கும் இணையச் சேவையை எழுதுவோர் பட்டியலில் சொல்லப்பட்ட அளவை நம்பாமல், விரியும்போதே எண்ணி எல்லையைத் தாண்டியதும் நிறுத்த வேண்டும்.

வடிவத்தில் குற்றமில்லாமல் நிரலில் மட்டும் குறையிருப்பதும் வழக்கம். 2023 ஆகஸ்டில் வெளியான வின்ரார் 6.23-க்கு முந்தைய பதிப்புகளில், பொதிக்குள் படம்போலத் தெரியும் கோப்பைச் சொடுக்கினால் அதே பெயருள்ள கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் நிரல் ஓடியது. 7-ஜிப்பிலும், இணையத்திலிருந்து வந்தது என்னும் எச்சரிக்கைக் குறியை விண்டோஸிடமிருந்து மறைக்க இடம்தந்த குறை ஒன்று 24.09-ஆம் பதிப்பில் திருத்தப்பட்டது. 7-ஜிப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. சில மாதங்களுக்கு ஒருமுறை நாமே பார்க்க வேண்டும்.

எக்ஸ்இசட்டைப் பற்றிய அச்சத்தையும் இந்த இடத்திலேயே தெளிவுபடுத்திவிடலாம். 2024 மார்ச் 29 அன்று, மைக்ரோசாப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தன் கணினியில் எஸ்எஸ்எச் எனப்படும் தொலைநுழைவு அரை வினாடி தாமதமாவதைத் துருவிச் சென்று, எக்ஸ்இசட் நிரல்தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக நுழைய உதவும் ஒரு பின்கதவு செருகப்பட்டிருப்பதை வெளிப்படுத்தினார். ஜியா டான் என்னும் பெயரில் பல ஆண்டுகளாக உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதைச் செருகியிருந்தார். அந்தப் பதிப்புகள் நீக்கப்பட்டுவிட்டன. எக்ஸ்இசட் வடிவத்தில் இருக்கும் உங்கள் பழைய கோப்புகளுக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. அவற்றை அவசரமாக வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியதுமில்லை.

தேர்ந்தெடுத்தல்

பெறுநர் யார் என்றே தெரியாதபோது ஜிப் அனுப்புங்கள். அளவில் அது தோற்கலாம், ஆனால் திறக்க முடியாத சிறிய கோப்பால் யாருக்கும் பயனில்லை. தமிழில் பெயரிட்ட கோப்புகள் இருந்தால் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஜிப்பில் பெயர்கள் யுடிஎஃப்-8 முறையில் உள்ளன என்று சொல்லும் குறியைப் பழைய நிரல்கள் இடுவதில்லை. அப்போது மறுமுனையில் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியும். மேலும் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்புமுறை ஒரு பெயருக்கு 255 பைட் மட்டுமே தரும். குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 85 தமிழ்க் குறியீடுகளோடு அது நிரம்பிவிடும். விண்டோஸில் தாராளமாக வைத்த நீண்ட தமிழ்ப் பெயர் அங்கே விரியாமல் பிழை காட்டுவது இதனால்தான்.

தனிப்பட்ட ஆவணங்களைக் கடவுச்சொல்லோடு அனுப்புவதற்கு, பெயர்களையும் பூட்டிய 7இசட்டையே நான் பரிந்துரைப்பேன். அன்றாட பேக்கப்புக்கும், சேவையகப் பதிவுகளுக்கும், தரவுத்தள நகல்களுக்கும் இசட்-ஸ்டாண்டர்டின் 3-ஆம் நிலை போதும். இரவில் ஓடும் வேலையானால் 19 வரை ஏற்றிப் பார்க்கலாம். ஒருமுறை சுருக்கிப் பலமுறை பதிவிறக்கப்படும் கோப்பில், ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் பணம் கட்ட வேண்டிய இடத்தில், எக்ஸ்இசட் இன்னும் தன் இடத்தைத் தக்கவைத்திருக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே சுருக்க வேண்டியவற்றுக்கு எல்இசட்4. பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடக்கப்போகும் வன்வட்டுக்கு, கோப்புகளைத் தனித்தனியாக வைக்கும் ஜிப்பும் அதனோடு பார்2 கோப்புகளும், அல்லது மீட்புப் பதிவுடன் கூடிய ராரும் ஏற்றவை. ராரை உருவாக்கக் கட்டண நிரல் வேண்டும் என்பதால் எனக்கு முதலாவதிலேயே நாட்டம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மூலக் கோப்புகளை அழிக்கும் முன் நிரலிலுள்ள சோதனைத் தெரிவை ஓட்டுங்கள். 7-ஜிப்பில் அது டெஸ்ட் என்ற பொத்தானாகவே இருக்கிறது. அது பொதி சிதையவில்லை என்பதை மட்டும் சொல்லும். விடுபட்ட கோப்புகளைச் சொல்லாது என்பதால், வேறொரு கோப்புறையில், முடிந்தால் வேறொரு கணினியில் விரித்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். கடவுச்சொல் இட்ட பொதியானால், சேமித்து வைத்த கடவுச்சொல்லை ஒட்டாமல் ஒருமுறை கையால் தட்டச்சிட்டுத் திறந்து பாருங்கள். விசைப்பலகை தமிழில் இருந்தபோது வைத்த கடவுச்சொல் வேறொரு தட்டச்சு முறையில் அதே குறியீடுகளாக வராமல் போகலாம்.